சிவப்புப் பொட்டு வைத்த எட்டு டம்ளர்கள்

இந்த நாட்டில் வீட்டுக்கு வருகிறவர்கள் நம் சமையலறை அலமாரியைத் தாங்களே திறந்து டம்ளரை எடுத்துக்கொள்கிறார்கள். கனடாவுக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து எனக்கு நெஞ்சு திக்கென்றது. பக்கத்து வீட்டு மார்கரெட் முதல்முறை வந்தபோது தண்ணீர் வேண்டும் என்றார். நான் எழுந்திருப்பதற்குள் தானே உள்ளே போய், கைக்குக் கிடைத்த டம்ளரை எடுத்து, குழாயில் பிடித்துக் குடித்து, கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் பாதி எழுந்தபடியே நின்றேன். எங்கள் பக்கத்தில் வந்தவருக்கு எதில் தண்ணீர் கொடுப்பது என்று தீர்மானிப்பது வீட்டுக்காரியின் வேலை. சம்பந்தி வீட்டாருக்கு வெள்ளி டம்ளர், சொந்தபந்தங்களுக்கு நல்ல எவர்சில்வர், மற்றவர்களுக்கு மற்றது. அந்த ‘மற்றது’ பற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று மே மாதத்திலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது வெளியே பனி விழத் தொடங்கிவிட்டது.

போன வாரம் மார்கரெட் வழக்கம்போல அலமாரியைத் திறந்து, பின்வரிசையில் கையை விட்டு ஒரு டம்ளரை எடுத்தார். அதன் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது, நகப்பூச்சில் வைத்தது. அதுபோல எட்டு டம்ளர்கள் என்னிடம் இருக்கின்றன. அவர் பொட்டைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். நான் ஒரே சொல்லில் பதில் சொன்னேன். அந்தச் சொல் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. அதைச் சொல்லுமுன் அந்த டம்ளர்கள் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமாகி ஒன்டாரியோவில் ஒரு சிறிய ஊருக்கு வந்தேன். முதல் குளிர்காலத்தில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை இழுத்துக்கொண்டு போனவர் மார்கரெட்தான். அவருடைய தேவாலயத்தில் ஒவ்வொரு ஜூலையும் ஏரிக்கரையில் சிறுமிகளுக்கு ஒரு வாரம் கோடை முகாம் நடக்கும். அதில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். எனக்கு இன்றைக்கும் சாமி என்றால் எங்கள் குலசாமிதான். ஆனாலும் வெங்காயம் நறுக்குவதற்கு மதம் எதற்கு என்று போனேன். போனவள் பத்துக் கோடையாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

அந்த முதல் வருஷம் என் அஞ்சறைப்பெட்டியைக் கொண்டுபோயிருந்தேன். இரண்டாம் நாள் காலையில் அது அலமாரியில் இல்லை. தேடினால், இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் இறுகக் கட்டி, வெளியே விறகு அடுக்கும் கொட்டகையில் வைத்திருந்தார்கள். ரொட்டியில் வாசம் ஏறிவிடும் என்று மார்கரெட்தான் எடுத்து வைத்திருக்கிறார். கடுகையும் சீரகத்தையும் கரித்துண்டுக்குப் பக்கத்தில் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏரிக்கரையில் போய் உட்கார்ந்து அழுதேன். யாரோ பார்த்து அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது அவர் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, தான் செய்தது தப்பு என்று சொன்னார். பெட்டியைத் தன் கையாலேயே எடுத்துவந்து அலமாரியின் நடுத்தட்டில் வைத்தார். சாயங்காலம் பட்டை போட்டு ஒரு கேக்கும் சுட்டுக் கொடுத்தார். இந்தக் கதையை இங்கே நம்மவர் கூடும் விருந்துகளில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது கொஞ்சம் மசாலாவும் சேர்ப்பேன். ஒதுக்கி வைத்தால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும் என்று முடிப்பேன். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அந்த உச்சு எனக்குப் பிடிக்கும்.

இந்த மே மாதம் கோயமுத்தூருக்குப் போயிருந்தேன். கல்லூரித் தோழி ஸ்டெல்லா அங்கே தன்னுடைய சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறாள். அவர்களும் சிறுமிகளுக்குக் கோடை முகாம் வைக்கிறார்கள். மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில், பாக்குத்தோப்புகளுக்கு நடுவே ஒரு பழைய கட்டிடத்தில் ஐந்து நாள். சமையலுக்குப் பேசியிருந்தவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். ஸ்டெல்லா போனில் அழாத குறை. நான் உடனே ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டதில் நட்பு பாதி, பீற்றல் பாதி. கனடாவில் முகாம் சமையலறையை எப்படி வைத்திருப்போம் என்று இவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று இருந்தது. உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கியவள் அல்லவா. கையுறைப் பெட்டி, தலைக்கு வலை, சூடு பார்க்கும் கருவி, சுவரில் ஒட்டும் அட்டவணை என்று ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு போய் இறங்கினேன்.

அங்கே போனபிறகுதான் ஒன்று உறைத்தது. ஏரிக்கரை முகாமில் நான் சமைத்தது முப்பது பேருக்கு. இங்கே எழுபது பிள்ளைகள், பத்துப் பெரியவர்கள். அண்டாவைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. நல்லவேளையாகச் செல்வராணி அக்கா வந்தார். அந்தியூர்ப் பக்கத்துச் சின்னச் சபையிலிருந்து எட்டுப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர். அவருடைய மகள் கெசியாவும் அந்த எட்டில் ஒருத்தி. அக்கா தன் ஊரில் கல்யாணம் காதுகுத்து என்றால் அண்டா வைப்பவர். வந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நான் கையில் வைத்து முழித்துக்கொண்டிருந்த அரிசியை வாங்கி, கையாலேயே அளந்து, எண்பது பேருக்கு அரிசிம்பருப்புச் சாதத்தை இறக்கி வைத்துவிட்டார். அடி பிடிக்கவில்லை, குழையவில்லை. நான் சாம்பாருக்குள் கருவியை விட்டுச் சூடு பார்த்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங்க சிஸ்டர், சாம்பாருக்குக் காய்ச்சலுங்களா?” என்று கேட்டார். இருவரும் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது.

சபைப் பெண்கள் ஒருவரையொருவர் சிஸ்டர் என்பார்கள். நான் சபைக்காரி இல்லை என்று தெரிந்தும் அவர் என்னை அப்படித்தான் அழைத்தார். எனக்கு அது பெருமையாக இருந்தது. வேலைக்கு நடுவே எந்தூருங்க என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் இது வெறும் ஊர் விசாரிப்பு இல்லை என்று கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். அவர் ஒளிக்கவில்லை. அந்தியூருக்கு அக்கட்டால, காலனியில் வீடு என்றார். காலனி என்றால், ஊரோடு சேர்த்துக்கொள்ளாமல் சாதி சொல்லித் தள்ளிவைக்கப்பட்டவர்கள் குடியிருக்கும் பகுதி. என் ஊரையும் கேட்டார். பொள்ளாச்சிப் பக்கம், தோப்பு என்றேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அவர் பருப்பைக் கடைந்தார், நான் தேங்காய் துருவினேன். ஊரைவிட்டுப் போய் இத்தனை வருஷத்தில் இதெல்லாம் என்னைவிட்டும் போய்விட்டது என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் சாயங்காலமே கெசியா வாந்தி எடுத்தாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை. வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் மிளகாய்த்தூள் போட்ட மாங்காயை வாங்கித் தின்றிருக்கிறாள். மோரில் உப்புப் போட்டுக் கொடுத்தால் நின்றுவிடும் என்று செல்வராணி அக்கா சொன்னார். அப்படியே ஆயிற்று. விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிள்ளை எழுந்து ஓடியாடத் தொடங்கிவிட்டாள். ஆனால் எனக்குள் இருந்த சான்றிதழ்க்காரி சும்மா இருக்கவில்லை. தொற்று பரவிவிட்டால் என்ன செய்வது என்றேன். டம்ளர்களைப் பிரித்து வைக்க வேண்டும் என்றேன். ஸ்டெல்லாவின் மகள் ஷெரினின் பையில் சிவப்பு நகப்பூச்சு இருந்தது; அதை வாங்கி, பாத்திரக்கூடையிலிருந்து டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வைத்தேன். கூடப்பிறந்தவர்கள் வீட்டுப் பாத்திரம் மாறிப்போகாமல் இருக்கப் பெயிண்டில் பொட்டு வைப்போமே, அந்த மாதிரி அழகாக, ஒரே அளவில். காய்ந்ததும் அந்தியூர்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஐந்து நாளும் இதில்தான் குடிக்க வேண்டும், மற்றதைத் தொட வேண்டாம் என்றேன். உங்கள் நல்லதுக்குத்தான், சூதானமா இருக்கணும் கண்ணு என்றும் சொன்னேன். எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. கனடாவில் இப்படிச் சொல்லியிருந்தால் எட்டு ‘ஏன்’ வந்திருக்கும். எவ்வளவு அடக்கமான பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

வாந்தி எடுத்தது ஒரு பிள்ளை. நான் பொட்டு வைத்தது எட்டு டம்ளரில்.

இதை இப்போது எழுதும்போது பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. மறுநாள் முழுக்க எனக்குத் திருப்திதான். ஜன்னலோரமாகத் தனித் தட்டில் எட்டு டம்ளர்கள். பிள்ளைகள் தாங்களாகவே வந்து எடுத்து, தாங்களாகவே கழுவி, தாங்களாகவே திருப்பி வைத்தார்கள். சாப்பிட உட்காரும்போது எட்டுப் பேரும் வரிசையின் கடைசியில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அதை நான் சொல்லவே இல்லை. ஷெரினுக்குச் சளி, மூக்கு ஒழுக இருமிக்கொண்டே இருந்தாள்; அவளுக்கு மிளகுப்பால் காய்ச்சி, எல்லோரும் குடிக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அவளுக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நகப்பூச்சு அவளுடையது என்பதைச் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இப்போது என்னால் நினைக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல். பிள்ளைகள் கூடத்தில் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நானும் செல்வராணி அக்காவும் சமையலறைப் பின்வாசல் படியில் உட்கார்ந்து காபி குடிப்போம். முதல் இரண்டு நாளும் அவர்தான் இரண்டு டம்ளரில் ஊற்றி எடுத்துவந்தார். அன்றைக்கும் ஊற்றி எடுத்துவந்தார். என் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்காராமல், இரண்டு படி கீழே இறங்கி உட்கார்ந்தார். அவர் கையிலிருந்த டம்ளரில் சிவப்புப் பொட்டு இருந்தது.

மாற்றி எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். “அக்கா, அது புள்ளைங்களோடதாச்சே” என்றேன்.

“தெரியுமுங்க அம்மணி” என்றார். குடித்து முடித்தார். எழுந்து போய்க் கழுவி, ஜன்னலோரத் தட்டில் கவிழ்த்து வைத்தார்.

சிஸ்டர் போய் அம்மணி வந்திருந்தது. யோசித்துப் பார்த்தால் முந்தின நாள் காலையிலேயே வந்துவிட்டிருக்கிறது, என் காதில்தான் ஏறவில்லை. அம்மணி என்பது எங்கள் பக்கத்தில் பிரியமான சொல். அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். எங்கள் தோப்பில் வேலைக்கு வந்தவர்களும் பத்து வயதுப் பிள்ளையான என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். காபி என் கையிலேயே ஆறிப்போயிற்று.

எங்கள் தோப்பில் மாட்டுக் கொட்டகைக் கூரையின் எரவாணத்தில் ஏழெட்டு அலுமினிய டம்ளர்கள் செருகியிருக்கும். தேங்காய் உரிக்கவும் கொப்பரை காயவைக்கவும் வருகிறவர்கள் ஆளுக்கொன்றை உருவி, கழுவிப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பார்கள். பள்ளிக்கூட லீவில் அவர்களுக்குக் காபி ஊற்றுவது என் வேலை. காபிப் போசியைத் தூக்கிப் பிடித்து, டம்ளரில் முட்டாமல், ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்ற வேண்டும். “சூதானமா ஊத்து கண்ணு, பட்டுறப்போகுது” என்று அம்மா பின்னால் நின்று சொல்வார். எது எதில் பட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டதில்லை. என் கை நடுங்காது. வீட்டுக்கு வருகிற அத்தைமார்களிடம் அம்மா அதைச் சொல்லிப் பெருமைப்படுவார். ராமாத்தா என்று ஒருவர் வருவார். ஒருநாள் என் அவசரத்தில் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் காபியை ஊற்றி அவர் முன்னால் நீட்டிவிட்டேன். அவர் வாங்கவில்லை. வேண்டாமுங்க அம்மணி, உள்ள கொண்டுபோய் வச்சுருங்க என்று மெதுவாகச் சொன்னார். நான் திட்டு வாங்காமல் காப்பாற்றினார் என்று இப்போது புரிகிறது. கொங்கு நாட்டில் கைக்குழந்தையைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவோம் என்று கனடாவில் எல்லோரிடமும் பெருமை அடிப்பேன். ராமாத்தாவுக்கு என் அம்மாவைவிட வயசு அதிகம். நான் அவரிடம் பேசியது வா, போ, புடி. ‘அவர்’ என்று அவரைப் பற்றி எழுதுவதே இந்தப் பத்தியில்தான் முதல்முறை.

பின்வாசல் படியில் உட்கார்ந்து எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். எட்டுப் பேரும் ஒரே பஸ்ஸில் வந்தவர்கள், அதனால்தான் எட்டு டம்ளர் என்றேன். அப்படியானால் அதே பஸ்ஸில் வந்த செல்வராணி அக்காவை அல்லவா முதலில் அடுப்படியைவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும்? நிறுத்தவில்லை. அவரை நிறுத்தினால் எண்பது பேருக்குச் சோறு வடிக்க ஆளில்லை. அவர் கை எனக்கு வேண்டியிருந்தது; அவர் பிள்ளை குடித்த டம்ளர்தான் வேண்டியிருக்கவில்லை. எங்கள் தோப்பில் நடந்ததும் இதேதான். அடுத்த வாதம், கனடாவில் கற்றுக்கொண்ட விதி என்பது. அதுவும் நிற்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஏரிக்கரையில் எமிலி என்ற பிள்ளை இரண்டு நாள் வாந்தி எடுத்தாள். அவளோடு ஒரே அறையில் ஆறு பிள்ளைகள் படுத்திருந்தார்கள். நான் எமிலிக்கு மட்டும் ஒரு காகிதக் கோப்பையில் பெயர் எழுதிக் கொடுத்தேன். அங்கே நான் பார்த்தது ஒரு பிள்ளையை. இங்கே ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததும் எனக்குக் கண்ணில் பட்டது காலனி. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று சொன்னால் போதாது, என் கையைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

தட்டிலிருந்த டம்ளர்களை அள்ளிக்கொண்டு தொட்டியடிக்குப் போனேன். தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டு ஒன்றைத் தேய்த்தேன். பொட்டு அசையவில்லை. கத்தி முனையால் சுரண்டப் போனேன். செல்வராணி அக்கா வந்து பக்கத்தில் நின்றார்.

“சுரண்டாதீங்க. புள்ளைங்க பொட்டையும் பாத்துப்போட்டாங்க. இப்ப அழிச்சா, அழிச்ச தடத்தையும் பாப்பாங்க.”

“அப்ப என்னக்கா செய்யட்டும்?” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதுங்க.” கையைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நீங்க இங்கிருந்து போயி இத்தன வருசமாச்சுன்னாங்களே. போயிப்போட்டீங்கன்னுதானுங்க நானும் நெனச்சேன்.”

சொல்லிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். நானும் போய் உட்கார்ந்து உரித்தேன். வெங்காயம் என்பதால் கண்ணீருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

மன்னிப்பு கேட்பது எப்படி என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் மார்கரெட் காட்டிய வழிதான். எல்லோருக்கும் முன்னால் எழுந்து சொல்லிவிடுவது. ஆனால் இங்கே மற்ற டவுன் பிள்ளைகள் அந்தப் பொட்டைக் கவனிக்கவே இல்லை. ஸ்டெல்லாவும் சுத்தத்துக்கு என்றே நினைத்திருந்தாள். நான் எழுந்து சொன்னால், இதுவரை தெரியாதவர்களுக்கும் அந்த எட்டுப் பேர் யார் என்று சுட்டிக்காட்டியதாக ஆகிவிடும். அஞ்சறைப்பெட்டியை நடுத்தட்டில் எடுத்து வைத்தால் விஷயம் முடிந்தது. இதற்கு நடுத்தட்டு எங்கே இருக்கிறது? அதனால் மறுநாள் காலையில் எட்டுப் பேரை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். நான் டம்ளரைப் பிரித்து வைத்தது தப்பு, பெரிய தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். இனி எந்த டம்ளரில் வேண்டுமானாலும் குடியுங்கள், எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள் என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கெசியாதான் பேசினாள்.

“பரவால்லீங்க ஆன்ட்டி. நாங்க எப்பவும் கடைசியிலதான் உக்காருவமுங்க.”

என்னைச் சமாதானப்படுத்துவதற்காகத்தான் சொன்னாள். ராமாத்தாவின் அதே மெதுவான குரல். பன்னிரண்டு வயதில், பெரியவள் ஒருத்தியைச் சங்கடத்திலிருந்து காப்பாற்ற அந்தப் பிள்ளை எங்கே கற்றுக்கொண்டாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கே என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு மத்தியானமும் எட்டுப் பேரும் கடைசியில்தான் உட்கார்ந்தார்கள். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒருத்தியும் சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்தில் உட்காரும் உரிமையும் எனக்கு இல்லை என்று புரிந்தது.

கடைசி நாள் காலையில் மேட்டுப்பாளையத்துக்குப் போய், பாத்திரக்கடையில் எட்டு டம்ளர்கள் வாங்கினேன். கடைக்காரர் மரியாதையாக, பேரு வெட்டணுங்களா, உபயம்னு போட்டுக் குடுத்தா சபைக்கு அழகா இருக்குமுங்க என்றார். என் பெயரை அந்த டம்ளர்களில் நினைத்துப் பார்த்தேன். வேண்டாமுங்க என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்து, புதுசைச் சபைக் கூடையில் போட்டுக் கலந்துவிட்டேன். பொட்டு வைத்த எட்டையும் ஒரு துண்டில் சுற்றி என் பெட்டியில் வைத்தேன். களவு போன வீட்டில் தடயத்தை அழிக்கிறவன் செய்கிற வேலைதான் இது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதை அடுத்த வருஷப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வரவும் மனசு வரவில்லை. கையுறைகளும் தலைவலையும் போட்டது போட்டபடி அங்கேயே கிடந்தன.

மத்தியானம் அந்தியூர்ப் பிள்ளைகளை பஸ் ஏற்றிவிட நானும் ரோட்டுக்கு வந்தேன். செல்வராணி அக்கா தலையை எண்ணிக்கொண்டிருந்தார். பேசுவதற்கு எனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் வழியனுப்பும்போது சொல்கிற சொல்லையே சொன்னேன்.

“ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாங்கக்கா.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “எந்த ஊட்டுக்குங்க அம்மணி?”

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கனடா என்று சொன்னால், வர முடியாத வீட்டுக்கு அழைக்கிற வெற்று மரியாதை. பொள்ளாச்சி என்று சொன்னால், அங்கே இப்போது அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள். எரவாணத்தில் அலுமினிய டம்ளர்கள் இல்லை. அண்ணி காகிதக் கப்பைக் கட்டுக்கட்டாக வாங்கி வைத்திருக்கிறார். வேலைக்கு வருகிறவர்களுக்கு அதில்தான் காபி. குடித்துவிட்டுக் கசக்கிப் போட்டுவிடலாம், கழுவுகிற வேலையில்லை, எவ்வளவு நாகரிகமாகிவிட்டது பார் என்று இந்த மே மாதம்கூட என்னிடம் சொன்னார். நானும் ஆமாம் அண்ணி என்றேன். அந்த வீட்டுக்குள் செல்வராணி அக்காவைக் கூட்டிக்கொண்டு போய், கூடத்தில் உட்காரவைத்து, வீட்டு டம்ளரில் காபி கொடுக்க எனக்குத் தைரியம் இருக்கிறதா என்று அந்த ரோட்டோரத்தில் நான் தேடிப் பார்த்தேன். பஸ் வந்துவிட்டது. “வாரேனுங்க” என்று சொல்லி அவர் ஏறிக்கொண்டார். கெசியா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் நம்பரை ஸ்டெல்லாவிடம் வாங்கி வைத்திருக்கிறேன், ஒருமுறைகூட அழைக்கவில்லை.

எட்டு டம்ளர்களும் இப்போது கனடாவில் என் சமையலறை அலமாரியில் இருக்கின்றன. தனியாக வைக்கக்கூடாது என்று மற்ற டம்ளர்களோடு கலந்துதான் வைத்தேன். எப்படியோ அவை பின்வரிசைக்குப் போய்விடுகின்றன. போன வாரம் மார்கரெட் அதில் ஒன்றை எடுத்து, பொட்டை விரலால் தடவிப் பார்த்து, எது யாருடையது என்று அடையாளம் தெரிவதற்கா இது என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

நல்ல யோசனைதான் என்று சொல்லித் தண்ணீர் குடித்தார். கழுவி, முன்வரிசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். தன் தப்பை எல்லோருக்கும் முன்னால் எழுந்து சொன்ன மனுஷி அவர். அவரிடம்கூட என் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் பொட்டு வைத்த டம்ளரில்தான் காபி குடிப்பது என்று வைத்திருக்கிறேன். இதனால் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை என்று தெரியும். அலமாரியைத் திறந்து, தூக்கக் கலக்கத்தில் கையை நீட்டுவேன். முன்வரிசையிலேயே, கைக்கெட்டும் தூரத்தில்தான் அது இருக்கிறது. கை அதைச் சுற்றிக்கொண்டு அடுத்ததற்குப் போகும். எடுத்ததை வைத்துவிட்டு, பொட்டு வைத்ததை எடுப்பேன். இன்று காலையும் கை முதலில் போனது பொட்டில்லாத டம்ளருக்குத்தான்.